நாற்பதில் இல்லாத சொல்

மோகனா பதினான்கு வருடமாக ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள். அந்தப் பதினான்கு வருடத்தில் ஒரு நாள்கூட ஷூ போட்டதில்லை. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் ஏதோ சோகக்கதை கேட்டதுபோல முகத்தை வைத்துக்கொள்வார்கள். அதெல்லாம் ஒன்றும் வேண்டாம். எங்கள் ஊர் வெயிலில் ஷூ மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிப் பாருங்கள், தெரியும். எங்களுக்குச் செருப்புதான் வசதி. அவளுக்கும் எனக்கும்.

என் பெயர் ஹெலன். பேரிங் டேபிளில் மோகனாவுக்கு எதிரே நிற்கிறவள், பன்னிரண்டு வருடமாக. பேரிங் என்றால் ஜோடி சேர்ப்பது. எனக்கு இடது பக்கத் தட்டில் இடது ஷூக்கள் வரும், வலது பக்கத் தட்டில் வலது ஷூக்கள் வரும். அவற்றில் நிறமும், தோலின் ரேகையும், தையலும் ஒன்றுபோல் இருக்கிற இரண்டை எடுத்து ஜோடியாக வைக்க வேண்டும். கேட்க எளிது. பழுப்பு என்று நீங்கள் ஒரே வார்த்தையில் சொல்கிற நிறத்தில் நாங்கள் பதினோரு பழுப்பைப் பார்ப்போம். மோகனா பதின்மூன்று பார்ப்பாள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு ஜோடி வெளியே போனதில்லை என்று சூப்பர்வைசரே சொல்வார். குறை இருந்தால் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை அந்த இடத்தில் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அவள் கண் பந்தலில் இருக்கிறவர்களின் காலைத்தான் பார்க்கும்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. ட்ரெய்னர் ஆக வேண்டும். வகுப்பின் முன்னால் நிற்க வேண்டும்.

இந்த ஆசை நேற்று முளைத்ததல்ல. மின்னூரில் எட்டாம் வகுப்பு படித்தபோது கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று தினமும் கரும்பலகையில் தேதி எழுதும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். தேதி, கிழமை, வருகை எத்தனை. எழுதி முடித்துத் திரும்பினால் நாற்பது முகங்கள் அவளைப் பார்க்குமாம். அந்த ஒரு நிமிடத்துக்காகவே பள்ளிக்கூடம் போனேன் என்பாள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. காரணம் எல்லார் வீட்டுக் காரணம்தான், விடுங்கள். இன்றும் எங்கள் டேபிளின் பக்கத்தில் மணிக்கு எத்தனை ஜோடி என்று எழுதும் பலகையில் தேதியை அவள்தான் எழுதுவாள். வேறு யாராவது எழுதினால் பேஜார் ஆகிவிடுவாள். அழித்துவிட்டு அதே தேதியை மறுபடியும் எழுதுவாள்.

கம்பெனியில் வருடத்துக்கு ஒரு முறை ட்ரெய்னர் தேர்வு நடக்கும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களில் பாதிப் பேர் ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கத்துப் பிள்ளைகள். தமிழ் தெரியாது. அதனால் தேர்வு வைக்கிற விதமே தனி. ஒரு டப்பாவில் ஆங்கிலச் சொற்களைச் சீட்டில் எழுதிப் போட்டிருப்பார்கள். ஒன்றை எடுக்க வேண்டும். அந்தச் சொல்லின் பொருளைப் புதிய பிள்ளைகள் பத்துப் பேருக்குத் தமிழில்லாமல் ஐந்து நிமிடத்தில் புரிய வைக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது எழுந்து அந்தச் சொல்லை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சொன்னால் பாஸ். இல்லாவிட்டால் பழைய டேபிளுக்கே போகலாம்.

முதல் முறை மோகனா சீட்டைப் பிரித்தாள், வாய் அடைத்துவிட்டது. ஐந்து நிமிடமும் நின்றுவிட்டு "தேங்க் யூ சார்" என்று சொல்லி வந்துவிட்டாள். இரண்டாவது முறை வாய் திறந்தது, ஆனால் ஐந்து நிமிடமும் தமிழ். அருமையான தமிழ்தான். எதிரே இருந்த பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். இது மூன்றாவது முறை. நாற்பது வயது ஆகிவிட்டால் ட்ரெய்னராக எடுக்க மாட்டார்கள். வருகிற ஆடியில் அவளுக்கு நாற்பது. ஆகவே இதுதான் கடைசி.

விடுவேனா நான்? வேலூரில் ஒரு வருடம் பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு நின்றவள். அந்த ஒரு வருடத்தை இப்போதாவது பயன்படுத்தாவிட்டால் எப்போது? நாற்பது சொற்களைப் பொறுக்கி எடுத்து, ஷூ பெட்டியின் மூடிக்குப் பின்னால் எழுதிக் கொடுத்தேன். ஸ்டிச், க்ளூ, க்ரீஸ், ஷேட், கேர்ஃபுல், நீடில் என்று கம்பெனிக்குள் புழங்குகிற சொற்கள். ஆறு மாதம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் சோறும் ஒரு கையில் மூடியுமாக உட்கார்ந்திருந்தோம். நாற்பதையும் தலைகீழாகச் சொல்லுவாள். கைகளால் நடித்தும் காட்டுவாள். 'க்ரீஸ்', அதாவது தோலில் விழும் சுருக்கம் என்றால் நெற்றியைச் சுருக்கிக் காட்டுவாள், அவ்வளவு அழகாக இருக்கும். நான் பரீட்சை எழுதியபோதுகூட இத்தனை உற்சாகமாக இருந்ததில்லை.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் நோட்டீஸ் ஒட்டினார்கள். கீழே பயிற்சி மேனேஜர் சுஹேல் அகமதுவின் கையெழுத்து. 'தேர்வுக்கு வருபவர்கள் மூடிய ஷூ அணிந்து வர வேண்டும். செருப்புடன் வருபவர்களுக்கு அனுமதி இல்லை.'

சுஹேல் சாரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கெட்டவர் இல்லை, கோபக்காரர்கூட இல்லை. சிரிக்க மாட்டார், அவ்வளவுதான். அவருக்கு ஆகவே ஆகாத குற்றம் ஒன்று உண்டு: மிஸ்-பேர். ஜோடி மாறிய ஷூ. ஒரு தரம் பக்கத்து டேபிளில் ஒரு பெட்டியில் ஜோடி மாறிப் போய்விட்டது. யார் செய்தது என்று அவர் கேட்க, டேபிளே வாயை மூடிக்கொண்டது. அந்த டேபிளில் இருந்த ஆறு பேரையும் கலைத்து ஆளுக்கொரு செக்‌ஷனுக்கு அனுப்பிவிட்டார். "கண்ணு இருக்கிறவங்க பாக்க வேண்டிய வேலை இது" என்று மட்டும் சொன்னாராம்.

நோட்டீஸைப் படித்த மோகனா தன் காலைப் பார்த்தாள். நான் என் காலைப் பார்த்தேன். இரண்டும் செருப்பு.

"இன்னாடி ஹெலன், பதினாலு வருஷத்துல எத்தினி லட்சம் ஷூவை இந்தக் கையால தொட்டிருப்பேன். எனக்குன்னு ஒரு ஜோடி இல்லியே" என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் பஜாரில் அமீர் பாஷா பாய் கடைக்குப் போனோம். ஏற்றுமதியில் மிஞ்சியதும், கழித்துக் கட்டியதும் அங்கே மலை மலையாகக் கிடக்கும். பார்வைக்கு வைத்திருப்பதெல்லாம் ஒற்றை ஷூ; ஜோடியை உள்ளே சாக்கில்தான் தேட வேண்டும். மோகனாவுக்குத் தேன் நிறத்தில், மேலே ஒரு வாரும் பக்கிளும் வைத்த ஷூ ஒன்று பிடித்துவிட்டது. சைஸ் முப்பத்தெட்டு. இடது காலில் போட்டுப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து காலை இப்படியும் அப்படியும் ஆட்டி ரசித்தாள். பாயும் உள்ளே போய் ஜோடியை எடுத்து வந்தார்.

"பாய், இது ஒரு பொட்டு டார்க்."

அவர் இன்னொன்று எடுத்து வந்தார்.

"இது கம்மி. வெளுத்திருக்குது பாருங்க."

மூன்றாவது ஷூவில் தோலின் ரேகை சரியில்லை என்றாள். நான்காவதில் தையல் நெருக்கம் மாறுகிறது என்று நான் சொன்னேன். ஐந்தாவது அவர் கையில் இருக்கும்போதே இருவரும் சேர்ந்து வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டோம். அமீர் பாஷா பாய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா, நீங்க ஷூ வாங்க வந்தீங்களா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தீங்களா? இந்தாங்க, நீங்களே பாத்துக்கோங்க!" என்று சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

அவ்வளவுதான், எங்களுக்குக் கொண்டாட்டம்! இருவரும் தரையில் உட்கார்ந்து குவியலைப் பிரித்தோம். ட்யூப்லைட் வெளிச்சம் நிறத்தைப் பற்றிப் பொய் சொல்லும் என்று ஒவ்வொன்றாகத் தெருவுக்கு எடுத்துப் போய், இருக்கிற பகல் வெளிச்சத்தில் பார்த்தோம். ரோட்டில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில், அடேயப்பா, கிடைத்தது பாருங்கள் ஒன்று! முதல் ஷூவின் பக்கத்தில் வைத்தால் எது எது என்றே தெரியவில்லை. நிறம் ஒன்று. ரேகை ஒன்று. தையலை எண்ணினோம், ஒன்று. சைஸ் முத்திரை ஒன்று. பக்கிள்கூட அதே பக்கம், அதே உயரம். குதிகாலோடு குதிகால் வைத்துப் பார்த்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல்கூட இல்லை, அதையே மறுபடி பார்ப்பதுபோல் இருந்தது. "ரெட்டப் புள்ளைங்கடி!" என்று மோகனா குதித்தாள். பதினான்கு வருட சர்வீஸில் இப்படி ஒரு ஜோடியைத் தான் சேர்த்ததில்லை என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

அதை வீட்டில் போட்டுப் பார்க்கவில்லை. புழுதியில் பட்டுவிடும், கம்பெனிக்குள் போய்த்தான் போடுவேன் என்று பெட்டியில் வைத்து மடியிலேயே கொண்டுவந்தாள். அவள் கணவர் பூவரசன் தென்னந்தோப்புக்குப் போகிற வழியில், "ஷூவுக்குத் தாலாட்டு ஒண்ணுதான் பாக்கி" என்றாராம்.

மறுநாள் தேர்வு மூன்று மணிக்கு. இரண்டே முக்காலுக்கு மோகனா கை கால் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். இடது காலை விட்டாள். கச்சிதம். வலது காலை விட்டாள்.

"ஹெலன், இது ஏற மாட்டேங்குதுடி."

"புதுசுல அப்டித்தான் இருக்கும். அழுத்து."

"அழுத்தினாலும் விரலு ஒரு பக்கம் போவுது, ஷூ ஒரு பக்கம் போவுது."

நான் குனிந்து பார்த்தேன். பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பார்த்தாள். இரண்டும் இடது கால் ஷூ!

எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்காதீர்கள். அன்றிலிருந்து ஊரே கேட்டாகிவிட்டது. எங்களுக்குத் தட்டே பிரித்து வரும். இடது எது வலது எது என்று பார்ப்பது எங்கள் வேலையே இல்லை. வேறு யாரோ பார்த்து அனுப்புவார்கள். நாங்கள் பார்ப்பதெல்லாம் நிறம், ரேகை, தையல். ஒன்றுபோல இருக்கிறதா, ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, ஒன்றுபோலவே இருக்கிற ஒன்றை எடுத்துவிட்டோம். வேறு யாராக இருந்தாலும், ஒரு ஷூவைக்கூடத் தொட்டிராதவனாக இருந்தாலும், இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். இருவருக்கும் சேர்த்து இருபத்தாறு வருட அனுபவம் இருந்ததால்தான் செய்தோம்.

மணி மூன்றுக்குப் பத்து. டேபிளில் எல்லாரும் செருப்பு. மாதிரி அலமாரியில் இருக்கிற ஷூவில் காலை விட்டால் வேலையே போய்விடும். எனக்கு அழுகை வந்தது. மோகனா அழவில்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"அவரு பாத்தா இன்னாடி ஆவும்? பேரிங் செக்கரே மிஸ்-பேர் போட்டுக்கினு வந்திருக்கிறா. ட்ரெய்னர் இருக்கட்டும், டேபிளும் போச்சி."

"போவாத. அடுத்த..." என்று ஆரம்பித்தேன். அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"டேபிளுக்குப் பின்னால போயி நின்னுட்றேன். கால் தெரியாது" என்றாள். வலது காலை அந்த இரண்டாவது இடது ஷூவுக்குள் பல்லைக் கடித்துத் திணித்து, பக்கிளை மாட்டி, எழுந்து நின்றாள். இரண்டு ஷூவின் மூக்கும் வலப்பக்கம் பார்த்தன. அவள் நேராக நடந்தாலும் கால்கள் வேறெங்கோ புறப்பட்டதுபோல் இருந்தது.

மாதிரி ஷூத் தட்டைப் பயிற்சி அறைக்குத் தூக்கிப் போவது என் வேலை என்று நானே முடிவு செய்துகொண்டு பின்னால் போனேன். யாரும் தடுக்கவில்லை.

அறையில் சுஹேல் சார் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புதிய பிள்ளைகள் பத்துப் பேர் எதிரே. அவர்களில் முன்வரிசையில் சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு ஜார்க்கண்ட் பெண். அவளை எல்லாருக்கும் தெரியும். வந்து பத்து நாளாக விடுதியில் அழுதுகொண்டே இருக்கிறாள், சரியாகச் சாப்பிடுவதில்லை, ஊருக்கு அனுப்பிவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

போட்டிக்கு வசந்த் மட்டும்தான். இருபத்துநான்கு வயது, டிப்ளமோ, ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. நல்ல பையன், அதுதான் எரிச்சல். அவனுக்கு வந்த சொல் 'கேர்ஃபுல்'. எங்கள் நாற்பதில் பதினேழாவது! என் வயிறு எரிந்தது. வசந்த் ஐந்து நிமிடம் சரளமாகப் பேசினான். பத்துப் பேரும் தலையாட்டினார்கள். "ஒன் சென்டென்ஸ்?" என்று சுஹேல் சார் கேட்டார். கடைசியில் பின்வரிசையில் இருந்து ஒருவன் எழுந்து, "ஐ ஆம் ஃபைன், சார்" என்றான்.

மோகனா போய் டேபிளுக்குப் பின்னால் நின்றாள். டப்பாவில் கையை விட்டாள். சீட்டைப் பிரித்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, நாற்பதில் இல்லாத சொல். சீட்டுகளைச் சுஹேல் சார் தன் மகளின் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்துதான் எழுதிப் போடுவார். கம்பெனிச் சொற்களோடு கண்டதும் கலந்திருக்கும். அவள் எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தாள்.

"ஹி... லே... ரியஸ்."

சொல்லுக்குப் பொருள் ஒரு முறை தமிழில் கேட்கலாம் என்பது விதி. கேட்டாள்.

"ரொம்ப சிரிப்பு வர்ற விஷயம்மா" என்றார் சுஹேல் சார், கொஞ்சம்கூடச் சிரிக்காமல். "சும்மா புன்சிரிப்பு இல்ல. அதுக்கு ஃபன்னின்னு சொல்லிட்டுப் போயிடலாம். இது வயிறு வலிக்கிற சிரிப்பு. சிரிக்கிற ஆளைச் சொல்றது இல்ல, சிரிக்க வைக்கிற விஷயத்தைச் சொல்றது. ஒருத்தன் விழுந்து அடிபட்டா அது ஹிலேரியஸ் இல்ல. அடிபடாம எழுந்து அவனும் சேந்து சிரிச்சான்னா, அது. டைம் ஸ்டார்ட்."

பாருங்கள், ஒரு வருடம் பி.ஏ. படித்த எனக்கே இவ்வளவு தெளிவாகத் தெரியாது. சிரிக்காத மனிதர் சிரிப்பை இப்படி அளந்து வைத்திருந்தார்!

மோகனா நின்றாள். ஒரு நிமிடம் போயிற்று. பழைய நோய் திரும்பிவிட்டது, வாய் அடைத்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு கன்னத்தை உப்பிக் காட்டினாள். ஓரிருவர் மரியாதைக்குப் புன்னகைத்தார்கள். "திஸ்... ஃபன்னி" என்றாள். சரிதான், ஆனால் அதோடு நின்றது. இரண்டு நிமிடம் போயிற்று. சிவப்பு ரிப்பன் பெண் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

அப்போது மோகனா குனிந்து டேபிளுக்கு அடியில் தன் காலைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று புரிந்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். மறைத்தால் டேபிளாவது மிஞ்சும்! அவள் கேட்கவில்லை. என்னிடம் வந்து தட்டில் இருந்து மாதிரி ஷூ ஜோடி ஒன்றை எடுத்தாள்.

"மை வொர்க், பேரிங்" என்றாள். குரல் நடுங்கியது. "லெஃப்ட். ரைட். கலர் சேம். ஸ்டிச் சேம். குட் பேர்." ஷூவை உயர்த்திக் காட்டினாள். "மீ, ஃபோர்டீன் இயர்ஸ்." கட்டை விரலால் தன் நெஞ்சைத் தொட்டு, எஜமானிபோல் தலையை நிமிர்த்தினாள். பத்துப் பேரும் கவனிக்க ஆரம்பித்தார்கள்.

பிறகு என்னைக் காட்டினாள். "ஹெலன், ட்வெல்வ் இயர்ஸ்." நானும் என்னை அறியாமல் தலையை நிமிர்த்தினேன்.

"யெஸ்டர்டே, ஷாப்." தரையில் உட்காருவதுபோலவும், ஷூக்களைப் பொறுக்குவதுபோலவும் நடித்தாள். ஒன்றை எடுத்து மூக்கைச் சுளித்தாள், "டார்க்!" தூக்கி எறிந்தாள். இன்னொன்றை எடுத்து உதட்டைப் பிதுக்கினாள், "லைட்!" எறிந்தாள். கையை நெற்றிக்கு வைத்துத் தெருவுக்கு ஓடி வெளிச்சத்தில் பார்த்தாள். அமீர் பாஷா பாய் இடுப்பில் கை வைத்ததையும் செய்து காட்டினாள். பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். நடுக்கம் போய்விட்டது, அவள் குரல் அறை முழுதும் கேட்டது.

"லாஸ்ட், குட் பேர்! வெரி குட் பேர்! கலர் சேம்! ஸ்டிச் சேம்! பக்கிள் சேம்!"

தன் காலில் இருந்த ஷூ இரண்டையும் கழற்றினாள். டேபிள் மேல், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றைத் தொட்டாள்.

"லெஃப்ட்."

மற்றதைத் தொட்டாள். சற்று நிறுத்தினாள்.

"...லெஃப்ட்."

பிறகு முன்வரிசையில் இருந்து, கொலுசு மணி சிதறியதுபோல் ஒரு சிரிப்பு. சிவப்பு ரிப்பன்! பத்து நாளாக அழுத பெண் வாயைப் பொத்திக்கொண்டு, அது போதாமல் பக்கத்துப் பெண்ணின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து பின்வரிசை. மோகனா விடவில்லை. ஷூக்களை மறுபடி மாட்டிக்கொண்டு டேபிளைச் சுற்றி முன்னால் வந்து நடந்து காட்டினாள். நேராக நடக்க நினைத்தவளை இரண்டு காலும் வலப்பக்கம் இழுத்துப் போய்ச் சுவரில் சேர்த்ததுபோல் ஒரு நடிப்பு. திரும்பினாள், மறுபடியும் வலது, மறுபடியும் சுவர்! வசந்த் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரு பையன் பெஞ்சிலிருந்து நழுவித் தரைக்கே வந்துவிட்டான். நானும் சிரித்தேன், அழுதுகொண்டே.

சிரிப்பு அடங்குவதற்குள் மோகனா சுவரில் சாய்ந்தபடியே, மூச்சு வாங்க, தன் ஷூவைக் காட்டிச் சொன்னாள்: "திஸ் இஸ் ஹிலேரியஸ்."

பலகைக்குப் போய் அந்தச் சொல்லை எழுதினாள். சீட்டைப் பார்த்துத்தான் எழுதினாள், ஆனால் என்ன கையெழுத்து! கீழே கோடு போட்டாள். திரும்பினாள். பத்து முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ஒன் சென்டென்ஸ்?" என்றாள், சுஹேல் சார் கேட்பதற்கு முன்பே.

சிவப்பு ரிப்பன் பெண் எழுந்தாள். துப்பட்டா நுனியைக் கையில் சுற்றிக்கொண்டே, யோசித்து யோசித்துச் சொன்னாள்.

"மேடம், டுடே ஐ கால் மை மதர். ஐ டெல் ஹிலேரியஸ் ஷூ. மை மதர் ஆல்சோ லாஃப்."

இலக்கணம் கிடக்கட்டும். அறையில் யாருக்குப் புரியவில்லை?

சுஹேல் சார் எழுந்து வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையை நீட்டினார். மோகனா ஷூக்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நின்றாள். அவர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்தார். தையலை விரலால் தடவினார்.

"மேட்சிங் அருமையா இருக்குது" என்றார். "யார் செக் பண்ணது?"

"நானும் ஹெலனும் சார்."

"ரெண்டு பேருக்கும் சேத்து எத்தினி வருஷம் சர்வீஸ்?"

"இருபத்தாறு சார்" என்றேன் நான். மோகனா மட்டும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று தோன்றியது.

அவர் பையில் இருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்தார். சிவப்பு அம்புக்குறி ஒன்றைக் கிழித்து இரண்டாவது ஷூவின் மூக்கில் ஒட்டினார். எனக்கு உயிர் போயிற்று.

"மிஸ்-பேர் ஆச்சுன்னா என் ஃப்ளோர்ல எல்லாரும் மறைக்கத்தான் பாப்பாங்க. நீங்க எடுத்து டேபிள் மேல வச்சீங்க" என்றார். "ஷூ ரிஜெக்ட். நீங்க பாஸ்."

சொல்லிவிட்டு வேகமாக வெளியே போய்விட்டார். வராந்தாவில் அவர் சிரித்ததாக வசந்த் சத்தியம் செய்கிறான். நான் பார்க்கவில்லை, அதனால் எழுத மாட்டேன். ஆனால் வசந்த் மோகனாவிடம் வந்து, "அக்கா, உங்க மொதல் கிளாஸ்ல நானும் வந்து உக்காந்துக்கிறேன்" என்று சொன்னதைக் கேட்டேன். நல்ல பையன் என்று முன்பே சொன்னேன் அல்லவா.

சாயங்காலம் நேராக அமீர் பாஷா பாய் கடைக்குப் போனோம். அவர் எங்களைப் பார்த்ததும் சாக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். விஷயத்தைச் சொன்னோம். தொடையில் தட்டித் தட்டிச் சிரித்துவிட்டு, "நீங்க போன பின்னாடி ரெண்டு ரைட் மிச்சமா கெடந்துச்சும்மா. எலி தூக்கிக்கினு போச்சா, ஜின் தூக்கிக்கினு போச்சான்னு ராத்திரி பூரா லெஃப்டைத் தேடினேன்!" என்றார். மோகனா ஒரு வலது ஷூவை எடுத்தாள். இந்த முறை முதலில் காலில் போட்டாள், பிறகுதான் நிறம் பார்த்தாள். பாய் அம்புக்குறி ஒட்டிய ஷூவைத் திரும்பக் கேட்டார். தர மாட்டேன் என்றுவிட்டாள். புதிய பிள்ளைகளுக்கு முதல் நாள் அதைத்தான் டேபிள் மேல் வைக்கப்போகிறாளாம்.

பஸ்ஸில் இருவருக்கும் அடுத்தடுத்து இடம் கிடைத்தது. மடியில் மூன்று ஷூக்கள். வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். மின்னூர் நெருங்கும்போது மோகனா மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"ஹெலன், அந்த ரிப்பன் பொண்ணு என்னை இன்னான்னு கூப்ட்டா?"

"மேடம்னு கூப்ட்டா."

அவள் ஷூக்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன்.